எயிற்பட்டினத்துத் தேறல்

மது விளையும் இடத்துக்கே சென்று, அங்கேயே தங்கி, அதை வடித்தவர் கையாலேயே வாங்கிப் பருகித் திரும்புவது இன்று உலகெங்கும் ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. பிரான்சின் பர்கண்டிக்கும் இத்தாலியின் தஸ்கனிக்கும் இதற்கென்றே பயணிகள் செல்கின்றனர். இந்தியாவில் நாசிக் நகரை ஒட்டிய திராட்சைத் தோட்டங்கள் அப்புகழைப் பெற்றிருக்கின்றன. சூலா நிறுவனம் 2005-இல் அங்கே சுவைக்கூடம் ஒன்றைத் திறந்த பிறகு, மும்பைவாசிகள் வார இறுதியில் நாசிக் செல்வது வழக்கமாகிவிட்டது.

இப்பயணங்களோடு கூடவே சூழலியல் பேச்சும் வளர்ந்துள்ளது. ஒரு லிட்டர் திராட்சை மதுவுக்குத் தோட்டத்துப் பாய்ச்சலில் தொடங்கிப் போத்தல் வரைக்கும் உலகச் சராசரியாக ஏறத்தாழ 870 லிட்டர் நீர் செலவாகிறது என்கிறது நீர்த்தடக் கணக்கு. முக்கால் லிட்டர் மதுவைத் தாங்கும் கண்ணாடிப் போத்தல் தானே அரைக் கிலோ எடை கொண்டது. அதை உருக்கி வார்ப்பதற்கும் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு செல்வதற்கும் ஆகும் எரிபொருள், மதுவின் சூழல் சுமையில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆகவே எடை குறைந்த போத்தல், சொட்டுநீர்ப் பாசனம், சூரிய மின்சாரம், பிழிந்த சக்கையை உரமாக்குதல் என்று மதுச்சாலைகள் பல வழிகளைத் தேடுகின்றன.

இவையெல்லாம் நமக்குத் தொடர்பில்லாத செய்திகள் என்று தோன்றலாம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையை நினைத்துக்கொண்டு சிறுபாணாற்றுப்படையை எடுத்து வாசித்தால் அவ்வெண்ணம் மாறிவிடும்.

*

சிறுபாணாற்றுப்படை பத்துப்பாட்டில் ஒன்று. 269 அடிகள் உடையது. பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். ஓய்மானாடு என்பது இன்றைய திண்டிவனத்தையும் மரக்காணத்தையும் உள்ளடக்கிய நிலப்பகுதி. சோழர் கல்வெட்டுகளிலும் ஓய்மா நாடு என்ற பெயர் நீடித்தது. நல்லியக்கோடனின் தலைநகரான கிடங்கில், இன்று கிடங்கல் என்ற பெயரில் திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக இருக்கிறது.

பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனைச் சந்தித்து, யாரிடம் செல்ல வேண்டும், எவ்வழியே செல்ல வேண்டும், வழியில் எங்கே எது கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. வழிகாட்டி நூல் என்று இன்று நாம் சொல்லும் வகைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடைப்பது அரிது. நத்தத்தனார் காட்டும் வழியில் நான்கு ஊர்கள் வருகின்றன. முதலாவது கடற்கரையிலுள்ள எயிற்பட்டினம். இதை மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். அடுத்தது வேலூர், இது வட ஆர்க்காட்டு வேலூர் அன்று, மரக்காணத்துக்கு மேற்கே உள்ள உப்புவேலூர் என்பர். மூன்றாவது ஆமூர்; திண்டிவனத்துக்கு அருகிலுள்ள நல்லாமூர் எனக் கொள்ளப்படுகிறது. நான்காவது கிடங்கில்.

ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் உணவு. எயிற்பட்டினத்தில் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவர். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சிச் சூடும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் நன்கு தீட்டிய அரிசியின் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு தருவாள். நெய்தல், முல்லை, மருதம் என நிலம் மாற மாற இலையும் மாறுகிறது. கடலோரத்தில் நண்டுச்சோறோ வயலோரத்தில் குழல்மீனோ கிடைப்பதாகப் புலவர் பாடவில்லை. அந்தந்த மண்ணில் எது கிடைக்கிறதோ அதுவே விருந்து.

நம் பொருளுக்கு முக்கியமானது முதல் ஊர். தாழையும் செருந்தியும் புன்னையும் பூத்த கரையில், நுளையர் குலப் பெண் அரித்தெடுத்த பழைய தேறலைப் பரதவர் பாணனுக்கு ஊட்டுகின்றனர். அவள் தீ மூட்டும் விறகு எங்கிருந்து வந்தது என்பதையும் புலவர் விடாமல் சொல்கிறார். அலைகள் கரையில் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள் அவை. ஒட்டகங்கள் படுத்துறங்குவது போல அவை கரையில் கிடக்கின்றன என்பது உவமை. தமிழ்க் கடற்கரையில் ஒட்டகம் உவமையாக வருவது அயல்வாணிகத்தின் சுவடு என்று பலரும் எழுதியிருக்கின்றனர். எனக்கு அந்த விறகு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அவள் எந்தக் காட்டையும் வெட்டவில்லை. கடல் கொடுத்ததை எரித்தாள்.

அத்தேறல் எதிலிருந்து ஆனது என்று இப்பாட்டு சொல்வதில்லை. ஆனால் அதே பத்துப்பாட்டில், கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் மது வடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற வைக்கின்றனர். முளைவிட்ட நெல்லின் அடையை இடித்து அதில் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் உறுதியான வாயுடைய சாடியில் முதிர விடுகின்றனர். பிறகு விரலால் அலைத்து அரித்து எடுக்கின்றனர். முளைத்த தானியத்தின் நொதிகளைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் புளிக்க வைக்கும் இம்முறையைத்தான் இன்றைய பீர் ஆலைகளும் கையாளுகின்றன. தேறல் என்ற சொல் தெளிவைக் குறிக்கும் வேரிலிருந்து வருகிறது. அரியல் என்ற மற்றொரு சொல் அரிப்பதிலிருந்து வருகிறது. தொழிலின் கடைசிப் படியே பண்டத்துக்குப் பெயராகிவிட்டது.

கிடங்கில் அரண்மனையிலும் தேறல் உண்டு. சினந்தெழுந்த பாம்பைப் போன்ற வேகம் கொண்ட தேறலை நல்லியக்கோடன் பாணனுக்கு வழங்குகிறான். அவ்வேகத்தின் அபாயத்தைப் புலவர் அறியாதவர் அல்லர் என்பதை அந்த உவமையே காட்டிவிடுகிறது.

*

அதே காலப்பகுதியில், மரக்காணத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், வேறொரு மது கரையிறங்கிக்கொண்டிருந்தது. செஞ்சி ஆறு எனப்படும் சங்கராபரணி விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது. அதன் கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1937-இல் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் இதன் முக்கியத்துவத்தை உணர்த்தினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு இக்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்ற மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறது. பொதுகே அரிக்கமேடு என்றும் சோபட்மா மரக்காணம் என்றும் கொள்வது ஆய்வாளரிடையே பரவலான கருத்து. அவ்வாறாயின், பாணன் தேறல் பருகிய ஊரை யவன மாலுமிகளும் அறிந்திருந்தனர்.

அரிக்கமேட்டில் கிடைத்த முக்கியப் பொருள்களில் ஒன்று ஆம்போரா என்னும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள். எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் இத்துண்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எச்சாடி எவ்வூரைச் சேர்ந்தது என்று வகைப்படுத்தினார். கிரேக்கத் தீவான கோஸின் சாடி வகையே மிகுதி. ரோட்ஸ், நைடோஸ், தென் இத்தாலி ஆகிய இடத்துச் சாடிகளும் இருந்தன. சிலவற்றில் இஸ்திரியாவின் ஒலிவ எண்ணெயும் ஸ்பெயினின் மீன்சாறும் வந்திருந்தன. பெரும்பான்மை மதுச் சாடிகளே. கோஸ் தீவின் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். சாடியின் உட்புறம் கசியாதபடி மரப்பிசின் பூசப்பட்டது. மத்தியதரைக் கடலில் தொடங்கி, எகிப்தைக் கடந்து, செங்கடலில் மீண்டும் கப்பலேறி, பருவக்காற்றில் அரபிக்கடலைத் தாண்டி வந்தது அந்த மது. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊட்ட உண்டு மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அது மன்னர்க்கும் செல்வர்க்குமான பானம்.

இத்தாலியிலிருந்து வந்த ஒருவகைச் சாடியின் வெற்று எடை ஏறத்தாழ 25 கிலோ. அதில் அடங்கும் மதுவும் ஏறத்தாழ 25 லிட்டர்தான். சுமக்கப்பட்ட எடையில் பாதி மண். உள்ளிருப்பது தீர்ந்த பிறகு அச்சாடியை மீண்டும் கடல் கடத்தி அனுப்புவது யாருக்கும் கட்டுப்படியாகாது. உரோம் நகரிலேயே எண்ணெய்ச் சாடிகளை உடைத்துக் குவித்ததால் மொந்தே தெஸ்தாச்சோ என்ற ஒரு குன்று உருவாகி இன்றும் நிற்கிறது. அரிக்கமேட்டில் குன்று எழவில்லை. ஆற்றங்கரை மண்ணில் துண்டுகளாகப் புதைந்தன. இன்று மதுச்சாலைகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் போத்தல் எடைச் சிக்கல் 2000 ஆண்டுப் பழமை கொண்டது என்பதற்கு அத்துண்டுகளே சான்று.

இங்கே வரலாற்றின் விசித்திரம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெடுந்தொலைவிலிருந்து பெருஞ்செலவில் வந்து, குப்பையை விட்டுச் சென்ற மதுவுக்குத் தொல்லியல் சான்று ஏராளமாக இருக்கிறது; அதைப்பற்றி நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எயிற்பட்டினத்து நுளைமகளின் தேறலுக்கு அத்தகைய சான்று ஒன்றுமில்லை. விறகு சாம்பலாயிற்று. சக்கையைக் கோழியோ மாடோ தின்றிருக்கும். இன்று தேறல் முதிர்ந்த பானையில் நாளை நீரோ கூழோ இருந்திருக்கும். அப்பானை உடைந்தாலும் அதன் ஓடு தேறலைப் பற்றி எதுவும் சொல்லாது. மண்ணுக்குச் சுமையாகாத தொழில் மண்ணில் தடயமும் விடுவதில்லை. பசியோடு ஒரு பாணன் அவ்வழியே நடந்திராவிட்டால், அதைக் கேட்டு ஒரு புலவர் பாடியிராவிட்டால், அப்படி ஒரு தேறல் இருந்ததையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

*

பாணன் பசியோடு நடந்தான் என்பதை மறந்துவிட்டுப் பழம்பெருமை பேசலாகாது. சிறுபாணாற்றுப்படையிலேயே பாணன் வீட்டு அடுக்களை வருகிறது. அங்கே நாய் குட்டி போட்டிருக்கிறது. அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் கண்டுவிடக் கூடாதென்று கதவடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். அப்படிப்பட்டவனுக்குத்தான் பரதவர் மீனும் தேறலும் கொடுக்கின்றனர். அவன் கொடுக்கப் பணமில்லை. அவன் கையில் இருப்பது யாழ் மட்டுமே. கள்ளின் தீங்கை உணர்ந்து திருவள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியதும் இதே தமிழில்தான். சங்கப் புலவர் கள்ளைப் பாடினர் என்பது எந்தக் காலத்துக்கும் குடிக்க உரிமம் ஆகாது.

ஆனால் குடி இருந்ததா இல்லையா என்பதல்ல இங்கே கேள்வி. மதுவுக்கும் அது விளைந்த மண்ணுக்கும் வடித்த கைக்கும் இருந்த உறவு எப்போது அறுந்தது என்பதே கேள்வி. அவ்வறுப்பின் கதையை இதே மாவட்டத்தில் வாசிக்க முடிகிறது. 1886-இல் சென்னை மாகாண அப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், வடிப்புக்கு உரிமம் என்று மது அரசின் வருவாய்க் கணக்கில் ஒரு பத்தியாயிற்று. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையும் வடிசாலையும் எழுந்தன. கரும்புப் பாகின் கழிவிலிருந்து ஒரே இடத்தில் வடித்துப் பீப்பாயில் அனுப்பும் சாராயம், மரத்தடியில் இறக்கிய கள்ளின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. கள்ளை அவ்வாறு அனுப்ப முடியாது. இறக்கிய சில மணி நேரத்திலேயே அது புளிக்கத் தொடங்கும், மறுநாள் காடியாகும். தன் ஊரைவிட்டு வெகுதூரம் போக அதற்கு இயற்கையே இடம் தரவில்லை.

பிறகு மதுவிலக்கின் வரலாறு. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் விலக்கப்பட்டு, ஓரிரு ஆண்டுகளிலேயே மீண்டது. 1981-இல் மறுபடியும் விலக்கப்பட்டது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 1987 தொடக்கத்திலிருந்து கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. 2003-இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில் வந்தது. விளைவு வியப்பானது. பனைமரத்தடியில் கிடைப்பது குற்றம். ஆலையில் கரும்புக்கழிவின் எரிசாராயத்தைக் கலந்து போத்தலில் அடைத்தது சட்டபூர்வம். அப்போத்தல்கள் வயலிலும் காட்டிலும் குவிந்தன. நீலகிரியில் அவை யானையின் காலைக் கிழிக்கும் நிலை வந்தபின், உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022-இல் போத்தலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, வெற்றுப் போத்தலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை அங்கே தொடங்கிப் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. அரிக்கமேட்டுச் சாடிகளுக்கு அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை.

போத்தல் வாங்கவும் வசதியற்றோர் என்ன செய்தனர்? 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரில் சிலர் மலிவு மது வாங்கிக் குடித்தனர். அது சாராயமே அன்று. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். அண்டை மாவட்டமான செங்கல்பட்டில் இறந்தவர்களையும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

எயிற்பட்டினம் மரக்காணம் என்றால், நுளைமகள் தேறல் அரித்த அதே கரை இது. பாணனை வழிமறித்து ஊட்டிய பரதவரின் தொழில்வழி வந்தவர்களே இறந்தவர்களில் பலர். அங்கே மதுவைக் கொடுத்தவர் யார், எப்படி ஆக்கினார், எந்த விறகு எரிந்தது என்பது வரை பாட்டில் இருக்கிறது. இங்கே குடித்தவனுக்குத் தன் கையிலிருப்பது மதுவா, வண்ணப்பூச்சுக் கரைப்பானா என்பதே தெரியாது. சூழலுக்கு உகந்த மது என்று இன்று மதுச்சாலைகள் பேசும்போது நீரையும் போத்தலையும் எண்ணுகின்றன. அவ்வெண்ணிக்கை தேவைதான். எனினும் அதற்கும் அடிப்படையான ஒன்று, வடித்தவரும் பருகுபவரும் ஒருவரையொருவர் முகம் பார்க்க முடிவது. நாசிக்கின் சுவைக்கூடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அதைத்தான் விற்கிறது. எக்கியார்குப்பத்து மீனவனுக்கு அது வாய்க்கவில்லை.

*

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே கழுவேலி என்ற உவர்நீர் ஏரி விரிந்து கிடக்கிறது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டை அடுத்த பெரிய உவர்நீர்நிலை இது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. 2021-இல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மரக்காணத்தில் உப்பளங்களும், சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பூமீசுவரர் கோயிலும் உள்ளன. உப்புவேலூர் கழுவேலியை ஒட்டியே இருக்கிறது. கிடங்கலில் ஏரியும் பழைய கோட்டையின் எச்சங்களும் உள்ளன. சிறுபாணன் நடந்த வழியை இன்றும் ஓரிரு நாளில் நடந்துவிடலாம். சுற்றுலா என்ற பெயரில் இங்கே ஏதேனும் வருமானால் அதற்கான வழிகாட்டி நூல் முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதன் விதியும் எளிது: அந்தந்த ஊரில் விளைவதை அந்தந்த ஊர்க் கையால் உண்பது, கடல் தந்த விறகுக்கு மேல் எரிக்காமலிருப்பது.

இவ்வழியில் இன்றும் ஆங்காங்கே பனைகள் நிற்கின்றன. பனைக்கு நீர் பாய்ச்சுவார் இல்லை; உரமிடுவார் இல்லை. 870 லிட்டர்க் கணக்கு அதற்குப் பொருந்தாது. பனையேறி விடியலில் ஏறிப் பாளை சீவுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். ஒரு விரற்கடைச் சுண்ணாம்புதான் பிழைப்பையும் வழக்கையும் பிரிக்கிறது. தமிழ்நாடு 1978-இல் பனையை மாநில மரமாக்கியது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. எல்லைக்கு இப்பால் விழுப்புரத்துப் பனையேறிகள் அத்தடையை நீக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

தடை நீங்க வேண்டுமா கூடாதா என்பதில் நியாயமான வாதங்கள் இருபுறமும் உண்டு. குடியால் சீரழிந்த குடும்பங்களின் குரல் அவற்றில் முதன்மையானது. எப்பக்கம் நின்றாலும் ஒன்றை மறுக்க முடியாது. மரத்தை வெட்டாமல் காக்கச் சட்டம் இருக்கிறது. அதில் ஏறுபவரின் தொழிலையும் காக்க வேண்டும். ஏறுபவர் இல்லாத பனை சில தலைமுறைகளில் செங்கற்சூளை விறகாகிவிடும். அப்போது அதன் கள் இப்படித்தான் இருந்தது என்று சொல்ல அரிக்கமேட்டில் கிடைத்ததைப் போல ஓர் ஓடும் மண்ணிலிருந்து கிடைக்காது.